கொடுத்த பிறகு மறுபடி போங்கள்: மலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரியில் எங்கள் சேவை சங்கத்தின் மாற்றுத்திறனாளிகள் பணியை 19 வருடமாகப் பார்த்து வருகிறேன். அதற்கு முன் பள்ளி ஆசிரியை. அதனால்தான் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் "டீச்சர்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நீலகிரியின் பல மூலைகளிலிருந்தும் கீழே சமவெளியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மகளின் முதல் பிறந்தநாளுக்கு மலைக்கு வருகிறோம். சிறப்புக் குழந்தைகள் பள்ளியில் கேக் வெட்டிச் சாப்பாடு போட ஆசை. ஏற்பாடு செய்து தருவீர்களா?

செய்து தருகிறேன் தம்பி. ஆனால் கேக் வாங்கும் முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் பெருமூளை வாதம் உள்ள சில குழந்தைகளுக்கு விழுங்குவது சிரமம், புரையேறிவிடும். அவர்களுக்கு எதை எப்படி ஊட்ட வேண்டும் என்பது அங்கே இருக்கும் ஆயாவுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அந்த வாரம் ஒரே பள்ளிக்கு மூன்று கேக் வரும். ஜூலை மழையில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உங்களால் முடிந்தால் ஜூலையிலும் ஒரு நாள் வாருங்கள். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்து சும்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விளையாடினால் போதும்.

குந்தா பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) இருக்கிறோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வரவில்லை. உங்கள் சங்கத்தில் வீல்சேர் கிடைக்குமா அக்கா?

கிடைக்கும். ஆனால் அதை அனுப்பும் முன் நாங்கள் ஒரு டேப்போடு வீட்டுக்கு வருவோம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சங்கத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு முகாமில் 12 வீல்சேர் கொடுத்தோம். எல்லாரும் கை தட்டினார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு லைன் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனேன். நாங்கள் கொடுத்த வீல்சேர் திண்ணை ஓரத்தில் நின்றது. அதன்மேல் ரேஷன் அரிசி மூட்டை, கைப்பிடியில் ஈரக் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவர் உள்ளே கட்டிலிலேயே படுத்திருந்தார். வீட்டிலிருந்து ரோட்டுக்கு 43 படி. வாசல் வழியாக வீல்சேர் உள்ளே நுழையவே இல்லை. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை, "நல்ல வண்டிம்மா" என்றார். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நான் அழுதேன். தப்பு முழுக்க எங்களுடையது.

அதனால் இப்போது முதலில் அளவு எடுக்கிறோம். சாதாரண வீல்சேரின் மொத்த அகலம் சுமார் 25 அங்குலம். நிலைவாசல் அதைவிட நன்றாக அகலமாக இருந்தால்தான் கை உரசாமல் போக முடியும். அப்புறம் அப்பாவின் இடுப்பளவு. அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கை இருந்தால் போதும். பெரிய வீல்சேரில் ஒல்லியான ஆளை உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து முதுகு கோணிவிடும். நல்ல குஷன் கட்டாயம் வேண்டும். அது இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி, சாய்த்து, அழுத்தத்தை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

சாய்தளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் "ஒரு பலகையைப் போட்டால் சரி" என்று நினைக்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. அதற்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். லைன் வீட்டு முற்றத்தில் 18 அடி எங்கே இருக்கிறது? வளைத்துக் கட்டலாம், திரும்பும் இடத்தில் சமதளம் விட்டு. அதற்கும் இடம் இல்லாத வீடுகளில் வாசலுக்குள் ஓடும் வண்டி ஒன்று, ரோட்டோரத்தில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவைக்க இன்னொன்று, நடுவில் இருக்கும் படிகளுக்குத் தூக்கிச் செல்லும் நாற்காலியும் இரண்டு ஆளும் என்று ஏற்பாடு செய்கிறோம். அந்த இரண்டு ஆள் யார் என்று முதலிலேயே பேசி வைப்பதுதான் எங்கள் உண்மையான வேலை.

இறக்கத்தில் போகும்போது வண்டியைத் திருப்பி, நீங்கள் பின்புறமாக நடந்து இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் அப்பா முன்னால் சரிந்து விழுந்துவிடுவார். நம் ஊர் ரோட்டில் இது மிக முக்கியம்.

பந்தலூரிலிருந்து ஒரு அம்மா. பையனுக்கு நான்கு வயது, பெருமூளை வாதம் என்று டாக்டர் சொன்னார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால்தான் பயிற்சி கிடைக்குமா?

இல்லைம்மா. அட்டைக்காகப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். ஆறு வயதுக்குள் கிடைக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகால சிகிச்சை மையம் எங்கே என்று கேட்டு முதலில் அங்கே போங்கள்.

அட்டை வேலை பக்கத்தில் தனியாக ஓடட்டும். யு.டி.ஐ.டி. எனப்படும் அந்தத் தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். ஆதார், புகைப்படம், மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். பிறகு மருத்துவக் குழு பார்த்து பாதிப்பு எத்தனை சதவீதம் என்று எழுதும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான உதவிகள் திறக்கும்.

அந்தக் குழுவைப் பார்க்க ஊட்டிக்கு வர, கூடலூரிலிருந்தே 50 கிலோமீட்டர், உங்களுக்கு இன்னும் தூரம். வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தையோடு பஸ்ஸில் வந்து, "டாக்டர் இன்று லீவு" என்று கேட்டுத் திரும்பிய தாய்மார்களை எனக்குத் தெரியும். அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் சேவை சங்கத்திடம் பணம் கேட்காதீர்கள், ஒரு ஜீப்பும் கூட வர ஒரு ஆளும் கேளுங்கள். முதல் நாள் போன் செய்து குழு உட்காருகிறதா என்று உறுதி செய்வதும் அந்த ஆளின் பொறுப்பு.

சிக்கிள் செல் ரத்தசோகை (ரத்த அணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) ஊனத்தில் சேருமா? எங்கள் பழங்குடிக் கிராமத்தில் மூன்று பேருக்கு இருக்கிறது.

சேரும். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது. 2016 உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. அதில் சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோபிலியா ஆகிய மூன்று ரத்தக் குறைபாடுகளும் உண்டு. நம் மலைக்கு இதில் தனித் தொடர்பே இருக்கிறது: 1952இல் லேமான், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் சிக்கிள் செல்லை முதன்முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

மூன்று பேரையும் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும், மத்திய அரசு வேலையில் இந்தச் சட்டம் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தக் குறைபாடுகள் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம்.

சங்கம் செய்யக்கூடியது நிறைய. குளிரும் உடம்பில் நீர் குறைவதும் வலியைக் கிளப்பிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு முன்பே கம்பளியும் ஃபிளாஸ்க்கும் போய்ச் சேர வேண்டும். ராத்திரி வலி வந்தால் எந்த ஜீப்பைக் கூப்பிடுவது, டிரைவர் நம்பர் என்ன என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூடலூர்ப் பக்கம் அஸ்வினி தொண்டு நிறுவனம் நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நாவா அமைப்பும் பழங்குடி மக்களோடு நெடுங்காலமாக வேலை செய்பவர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சங்கத்தில் சேர்ந்தால்தான் உதவி செய்ய முடியுமா? சந்தா கட்ட வசதி இல்லை.

வேண்டியதில்லை. எங்களோடு வருபவர்களில் பாதிப் பேர் உறுப்பினர் இல்லை. ஒரு மினி பஸ் டிரைவர், இரண்டு தையல்காரர்கள், கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. வருகிறேன் என்று சொன்ன நாளில் வர வேண்டும், அவ்வளவுதான்.

சேவை சங்கம் என்றாலே கண் முகாமும் போலியோவும்தானா? போலியோதான் போய்விட்டதே!

காரணம் உண்டு. 1925இல் அரிமா (லயன்ஸ்) சங்க மாநாட்டுக்கு வந்த, பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் அவர்களின் பணியானது. ரோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், போலியோ இல்லை என்ற சான்று 2014 மார்ச்சில்.

ஆனால் சிறுவயதில் போலியோ வந்தவர்கள் இன்று 45, 50 வயதில் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். காலைத் தாங்க மாட்டும் காலிப்பரின் தோல் வார் ஈரத்தில் விறைத்து அறுந்துவிடும். ஊன்றுகோலின் அடி ரப்பர் நம் ரோட்டில் சீக்கிரம் தேயும். தேய்ந்த ரப்பரோடு பாசி பிடித்த படியில் கால் வைத்தால் என்ன ஆகும்? மலிவான ஒரு ரப்பர் கிடைக்காமல் இடுப்பு உடைந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு முன் மே மாதமே ஒரு பை நிறைய ரப்பர் வாங்கி வீடு வீடாகப் போய் மாட்டிவிடுகிறோம். எங்கள் வருடத்தின் மிகப் பயனுள்ள நாட்கள் அவை.

மகளுக்கு முகாமில் காது மிஷின் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் கரகரவென்கிறது, அவள் கழற்றி வீசிவிடுகிறாள். குன்னூர்.

மிஷின் கெட்டிருக்காது, ஈரமாகத்தான் இருக்கும். நம் மூடுபனி அதற்குள்ளும் போகிறது. மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். அடியில் சிலிக்கா ஜெல் மணி, மேலே ஒரு துண்டு மெல்லிய துணி. ராத்திரி பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடியே மிஷினை அந்தத் துணிமேல் வைத்து மூடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மணியை மட்டும் தனியாகச் சூடாக்கி ஆறவைத்தால் மறுபடி நீலமாகும். மிஷினை மட்டும் அடுப்புக்கு மேல் வைத்துக் காய வைக்காதீர்கள், உருகிப்போன ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார்கள்.

புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும்.

அவள் வீசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். குழந்தையின் காது வளரும், காதுக்குள் வைக்கும் அச்சு வளராது. ஒரு வருடம் ஆகியிருந்தால் அச்சை மாற்றுங்கள். முகாம் நடத்தியவர்களிடமே உரிமையோடு கேளுங்கள். கொடுத்தவர்கள் மூன்று மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும்.

உபகரணம் கொடுக்கும்போது போட்டோ எடுக்காவிட்டால் நன்கொடை வராதே?

வரும். போடப்பட்ட கைப்பிடிக் கம்பியை எடுங்கள், சாய்தளத்தை எடுங்கள், கணக்கை அனுப்புங்கள். வாங்குபவர் தலைகுனிந்து நிற்க, ஆறு பேர் வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் வேண்டவே வேண்டாம். அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் படம் போகிறது.

ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறேன். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கலாமா?

தாராளமாக. முதலில் அந்தத் தேர்வின் அறிவிப்பைப் படி. சிலவற்றில் எழுத்தரின் படிப்பு தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முந்தின நாளே சந்தித்து ஒரு பக்கம் சொல்லச் சொல்லி எழுதிப் பார். அவர் சொன்னதை அப்படியே எழுது, தப்பென்று தோன்றினாலும் திருத்தாதே, முகபாவத்தாலும் குரலாலும்கூட. முக்கியமாக, பனிமூட்டத்தில் பஸ் தாமதமாகும், ஒரு வண்டி முன்னதாகவே கிளம்பு. நீ வராவிட்டால் அவருக்கு ஒரு வருடம் போய்விடும்.

எங்கள் மகளுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. நாங்கள் இருவரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். எங்களுக்குப் பிறகு யார் டீச்சர்? கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படுகர் கிராமம்).

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் அனுப்பியிருந்தீர்கள், வேறு வேறு வார்த்தைகளில்.

முதலில் காகித வேலை. 18 வயது முடிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் இதில் வரும். அதே சட்டத்தின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் உங்கள் பயம் தீராது என்று எனக்குத் தெரியும். மகளை வேறு யாரிடமும் விட்டுப் பழக்காமல் நாமே பார்த்துவிட்டோம் என்பதுதான் அந்தப் பயத்தின் பாதி. அதனால் இப்போதே பழக்க ஆரம்பிப்போம். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் பெண்கள் இருவர் வருவார்கள், எப்போதும் அதே இருவர். முதல் மாதம் நீங்களும் கூட இருங்கள். இரண்டாம் மாதம் பக்கத்து வீடு வரை போய் வாருங்கள். அவள் தோசைக்கு எதைத் தொட்டுக்கொள்வாள், எந்தப் பாட்டுக்குக் கோபம் அடங்கும், இடி இடித்தால் எங்கே போய் ஒளிவாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் அது இன்னொருவர் கைக்கும் போக வேண்டும்.

இதே போல ஒரு அம்மா 11 வருடமாக எந்த விசேஷத்துக்கும் போகாமல் இருந்தார். ஐந்தாம் மாதம் மேட்டுப்பாளையத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனார். மதியத்துக்குள் நான்கு முறை போன் செய்தார். ஐந்தாவது முறை மகளே போனை எடுத்து, "அம்மா, நாங்க தட்டு கழுவுறோம், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாளாம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன், நோட்டு நானே கொண்டு வருகிறேன்.