சைட்டு வாங்கலாமா சார்? தேவனஹள்ளி முதல் ஓசூர் வரை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றியவை. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொசகோட்டே, ஆனேக்கல், அத்திப்பள்ளி. ராகியும் திராட்சையும் விளைந்த ஊர்கள். சந்தை நாள் தவிர மற்ற நாளில் மதியம் கடைவீதியில் ஆள் இருக்காது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தது. அன்றைக்கு வடக்குப் பக்கம் தொடங்கிய ஓட்டம் இன்று நாலா பக்கமும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் நாலு லே-அவுட் நோட்டீஸ் மடியில் விழுகிறது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

தேவனஹள்ளி தாலுகாவில் 30-க்கு 40 சைட்டு ஒன்று வந்திருக்கிறது. பக்கத்து லே-அவுட் விலையில் பாதிதான். பஞ்சாயத்து காத்தா (வரிப் பதிவு), கரன்ட் கனெக்‌ஷன் எல்லாம் இருப்பதாக புரோக்கர் சொல்கிறார். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. வாங்கலாமா சார்? (கம்மனஹள்ளி வாசகர்)

ஏன் பாதி விலை என்று புரோக்கரிடம் கேட்டீர்களா? பெரும்பாலும் அது ரெவின்யூ சைட்டாக இருக்கும். அதாவது விவசாய நிலத்தை மனை நிலமாக மாற்றாமல், லே-அவுட் அனுமதி வாங்காமல், சுண்ணாம்புக் கோடு போட்டு விற்பது. நிலமாற்றத்துக்கு மாவட்ட ஆட்சியர் உத்தரவு வேண்டும். அதன்பின் லே-அவுட் வரைபடத்துக்குத் திட்டக் குழுமத்தின் அனுமதி வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மனைக்கும் பஞ்சாயத்தில் வரி கட்டலாம், ரசீதும் கிடைக்கும். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கரன்ட் பில்லும் அப்படித்தான்.

இ-ஸ்வத்து என்ற பஞ்சாயத்துச் சொத்துப் பதிவு இணையதளம் மூலம் வரும் படிவம் 9-உம் 11-உம் கேளுங்கள். 11-இல் ஏ-யா பி-யா என்று பாருங்கள். முறையான மனைக்கு 11ஏ, அனுமதியில்லாததற்கு 11பி. புரோக்கர் '11 இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஒற்றை எழுத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் பஹணி, அதாவது நிலத்தின் அரசுப் பதிவேடு. ஆர்.டி.சி. என்பதும் அதுதான். பூமி இணையதளத்தில் சர்வே எண் போட்டால் வந்துவிடும். கன்னடம் படிக்க வராதவர்கள் கட்டத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதியைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். 3-வது கட்டத்தில் மொத்தப் பரப்பும் அதில் கழியும் கராபும் (சாகுபடிக்கு ஆகாத நிலம்) இருக்கும். 'பி கராபு' என்று ஏதாவது கழிந்திருந்தால் அது ஓடை, வண்டிப்பாதை, குளம் மாதிரியான பொது நிலம். அதில் சைட்டு போட்டிருந்தால் எந்தப் பத்திரமும் காப்பாற்றாது. 9-இல் உரிமையாளர் பெயர், 10-இல் நிலம் அவருக்கு எப்படி வந்தது, 11-இல் கடன், வழக்கு, மற்ற பாத்தியதைகள். 10-வது கட்டத்தில் 'மஞ்சூரு' என்று இருந்தால் அரசு யாருக்கோ ஒப்படை செய்த நிலம் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு ஒப்படை செய்த நிலத்தை அரசின் முன் அனுமதியில்லாமல் விற்பதை கர்நாடகத்தில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விற்றிருந்தால் நிலத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். 2023-இல் வந்த திருத்தம் அந்த மனுவுக்குக் காலவரம்பே இல்லை என்கிறது. நியாயமான சட்டம்தான். ஏழைக்குக் கொடுத்த நிலத்தை நாலு காசுக்கு எழுதி வாங்கி, சைட்டு போட்டு விற்றவர் எப்போதோ போயிருப்பார். வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர் கடைசியாக வாங்கியவர்.

இன்னொன்று, செலவில்லாதது. கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியை போனில் இறக்கிக்கொண்டு, சைட்டின் நடுவில் நின்று திறந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை அது காட்டும். பத்திரத்தில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் புரோக்கரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் காவேரி இணையத்தில் 2004 ஏப்ரலிலிருந்து கிடைக்கும். அதற்கு முந்தையதை சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். '2004-இலிருந்து போதும் சார்' என்பார்கள். போதாது. இத்தனையும் சரியாக இருந்தும் பாதி விலையென்றால் அவசியம் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரிங் ரோடு வருகிறதாம், இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க முடியாது என்கிறார்கள். (லிங்கராஜபுரம் வாசகர்)

எந்த ரிங் ரோடு என்று கேளுங்கள். பெங்களூருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு சுமார் 280 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. தொப்பஸ்பேட்டையிலிருந்து தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி வழியாக ஹொசகோட்டே வரையிலான பகுதி 2024 மார்ச்சில் திறந்தாகிவிட்டது. லாரிகள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பெரிபெரல் ரிங் ரோடு கதை வேறு. சுமார் 73 கி.மீ.; நிலம் எடுக்க முதல் அறிவிக்கை 2005-இல், இறுதி அறிவிக்கை 2007-இல். அதற்குள் பெயர் மாறி 'பெங்களூரு பிசினஸ் காரிடார்' ஆகிவிட்டது. அந்த வரைபடத்துக்குள் நிலம் மாட்டியவர்கள் இருபது வருஷமாக விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் இருக்கிறார்கள். அந்த வரைபடத்தைக் காட்டியே பக்கத்து நிலத்தை விற்றவர்கள் மட்டும் நன்றாக இருக்கிறார்கள்.

திறந்துவிட்ட சாலையிலும் ஒரு விஷயம் உண்டு. இந்த மாதிரி அதிவேகச் சாலையில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. சைட்டிலிருந்து சாலை இருநூறு மீட்டரில் தெரியும், ஏறுவதற்குப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். எனவே ஏறும் இடம் எவ்வளவு தூரம் என்று வண்டியில் போய்ப் பாருங்கள். வரப்போகும் சாலைக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

நிலம் கையகப்படுத்தப்போகும் ஊரில் விலை குறைவாகக் கிடைக்கிறது. அரசு இழப்பீடு அதிகமாகத் தருமே, லாபம்தானே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

வேண்டாம். தொழிற்பேட்டை வாரியம் முதல் அறிவிக்கை விட்ட நிலத்தை வாங்குகிறவர் அறிவிக்கைக்குப் பின்னால் வந்தவராகிறார். கையகப்படுத்தலை எதிர்த்து அவர் பேச்சு சபையில் ஏறாது. திட்டம் நடக்கும் என்றும் உறுதியில்லை. தேவனஹள்ளி தாலுகா சன்னராயபட்டணா ஹோபளியில் (தாலுகாவின் உட்பிரிவு) விவசாயிகள் மூன்று வருஷத்துக்கு மேல் விடாமல் உட்கார்ந்து போராடியதில், 2025 ஜூலையில் 1,777 ஏக்கர் கையகப்படுத்தலை அரசே கைவிட்டது. இழப்பீட்டை நம்பி அங்கே வாங்கியிருந்தால் உங்கள் கணக்கு என்ன ஆகியிருக்கும்?

அப்பா ஹொசகோட்டே பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருந்தார். உயில் இல்லை, இறந்து ஆறு வருஷமாகிறது. அது தாத்தா வழி வந்த நிலம். அண்ணன்கள் இருவரும் பில்டருக்குக் கொடுக்கப் போகிறார்கள். 'நீ வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ' என்கிறார்கள். கல்யாணத்துக்கு நகை போட்டாகிவிட்டதாம். (வாசகி, அல்சூர்)

அம்மா, அந்த 'ஒரு கையெழுத்து' எந்தத் தாளில் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். உங்கள் பாகத்தை முழுதாக விட்டுக்கொடுத்தேன் என்று பதிவு செய்வது. கையெழுத்து போட்டபின் நகை எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை உண்டு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம். அப்பா எப்போது இறந்திருந்தாலும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை இருந்தால் அது கலையாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று வில்லங்கத்தில் தேடுங்கள். அப்பாவின் சுய சம்பாத்தியமாகவே இருந்தாலும் உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பாகம்தான். கல்யாண நகையை பாகத்தில் கழிப்பது வீட்டில் பேசிக்கொள்ளும் கணக்கு, சட்டத்தில் கிடையாது.

அண்ணன்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்க மனமிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மூன்று ஏக்கரின் இன்றைய விலை தெரிந்து செய்யுங்கள். பில்டரின் வக்கீலே உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி நகர மாட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், உங்களையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வரைவுப் பத்திரத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துவந்து, உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அண்ணன்களின் வக்கீலிடம் வேண்டாம்.

5 குண்ட்டா பண்ணை நிலம், சந்தன மரம் வைத்துத் தருகிறார்களாம். விவசாயி இல்லாதவர் வாங்கலாமா? (வாசகர், பாணஸ்வாடி)

வாங்கலாம். நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கத் தடையில்லை. ஒரு குண்ட்டா 1,089 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை சென்ட். எனவே 5 குண்ட்டா பன்னிரண்டரை சென்ட்தான். பெரிய சர்வே எண்ணில் உங்கள் துண்டுக்கு 11இ ஸ்கெட்ச் (உட்பிரிவு அளவை வரைபடம்) போட்டு, தனி பஹணி வருமா என்று கேளுங்கள். 'எல்லாருக்கும் சேர்த்து ஒரே பஹணி' என்றால் முகம் தெரியாத நாற்பது பேரோடு கூட்டுக் குடும்பம் நடத்தத் தயாராகிக்கொள்ளுங்கள். வீடு கட்ட நிலமாற்றம் வேண்டும். சந்தன மரம் முற்றப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். திருடனுக்கு அது உங்களுக்கு முன்பே தெரியும்.

தேவனஹள்ளிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை விற்றால் வருமான வரி உண்டா?

கிராமப்புற விவசாய நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும், ரோட்டு வழியாக அல்ல. அந்த நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ., 10 லட்சம் வரை 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. இதைத் தாண்டியிருக்க வேண்டும். நிலமாற்றம் செய்தபின் விற்றால் இந்தச் சலுகை போய்விடும். விலை கூடும் என்று முதலில் நிலமாற்றம் செய்துவிட்டு வந்து வரி கேட்பவர்கள் நிறையப் பேர். ஆடிட்டரை முதலில் பாருங்கள், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பிறகு போகலாம்.

ஆனேக்கலா, ஓசூரா? ஓசூர் என்றால் பத்திரம் தமிழில் இருக்கும், மனசுக்குத் தெம்பு. (வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி)

தெம்பு புரிகிறது. ஆனால் தமிழில் இருப்பதாலேயே பத்திரம் சுத்தமாகிவிடாது. ஓசூரில் பட்டா தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள், டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணை நேரில் சரிபாருங்கள். அனுமதியற்ற மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 என்று ஒரு கெடுத் தேதி உண்டு. அதற்கு முன் உருவானவற்றுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. வில்லங்கத்தைத் தமிழ்நாட்டில் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், இது ஒரு சௌகரியம். பதிவுச் செலவு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7-உம் பதிவுக் கட்டணம் 2-உம் சேர்த்து 9 சதவீதம். கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் இரட்டிப்பாகி, எல்லாம் சேர்த்து சுமார் 7.6.

விமான நிலையத்தை நம்பி ஓசூரில் வாங்காதீர்கள். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது உண்மை. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கி.மீ. சுற்றளவுக்குள் மைசூர், ஹாசன் தவிர வேறு விமான நிலையம் கூடாது என்று இருப்பதும் உண்மை. நீங்கள் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. எனக்கென்றால் ஆனேக்கல் தாலுகாவில் பொம்மசந்திராவுக்குக் கிட்டே, சின்னதாக, சுத்தமான காகிதத்தோடு வாங்குவேன்.

வாங்குமுன் தண்ணீரைக் கேளுங்கள். 2024 அக்டோபரில் வந்த காவிரி ஐந்தாம் கட்டம், 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கானது. அதற்கு அப்பால் போர்வெல்லும் டேங்கரும்தான். எந்த லே-அவுட்டில் எப்போது போர் வற்றியது என்று பில்டர் சொல்ல மாட்டார், ஏப்ரல் மாதம் அங்கே ஓடும் டேங்கர் டிரைவர் ஒரு டீக்குள் சொல்லிவிடுவார்.

அத்திப்பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக டிபன் கடை. வாடகையை ஒரே அடியாக இரண்டு மடங்கு கேட்கிறார் ஓனர். சட்டம் உதவுமா?

அதிகம் உதவாது. ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். காலம் முடிந்து மாத வாடகையாக ஓடுகிறது என்றால் 15 நாள் நோட்டீசில் காலி செய்யச் சொல்ல முடியும். இந்த ஓட்டத்தில் முதலில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான். அந்தக் கடையில் சாப்பிட்டுக்கொண்டுதான் புரோக்கர்கள் விலை பேசியிருப்பார்கள். பேசிப் பாருங்கள், மூன்று வருஷத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தமாகக் கேளுங்கள். பழைய அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் இல்லாவிட்டால் அதை முதலில் எழுதி வாங்குங்கள்.

சொல்கிற விலை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்தவர் ஒருவரை அதே புரோக்கருக்கு போன் போடச் சொல்லுங்கள். 'பக்கத்து சைட்டு என்னுடையது, அவசரமாக விற்கணும், என்ன கிடைக்கும்' என்று கேட்கட்டும். அந்தப் பதிலுக்கும் உங்களிடம் சொன்ன விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தேசிய வங்கி ஒன்றில் கடனுக்கும் மனுப் போடுங்கள், கடன் வேண்டாமென்றாலும் கூட. வங்கி மதிப்பீட்டாளர் வந்து ஒரு தொகை சொல்வார். வங்கியே கைவிரித்தால் நீங்களும் விரித்துவிடலாம்.

டோக்கன் இரண்டு லட்சம் இன்றைக்கே கொடுத்தால்தான் பிளாக் செய்வோம் என்கிறார்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது ரெரா விதி. அந்த வரம்புக்குள் கொடுப்பதானாலும் காசோலையாக, கம்பெனி பெயரில் கொடுங்கள். ஆவணம் சரியில்லை என்றால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று ரசீதில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். அடுத்த ஞாயிறும் நோட்டீஸ் வரும்.