ட்ரக் கோர்ட் கண்காணிப்பு: கேள்வி பதில்

அமெரிக்க ட்ரக் கோர்ட்டுகளில் (போதைக்கு அடிமையானவர்களைக் கண்காணித்துச் சிகிச்சை பெற வைக்கும் கோர்ட்டுகள்) புரொபேஷன் ஆபீசர், அதாவது அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி, செய்யும் வேலை பற்றி மட்டும் கேளுங்கள். சொந்த வழக்கா? வக்கீலிடம் போங்கள்.

சென்னை என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்ட) கோர்ட்டும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சென்னையில் 1985 சட்டப்படி விசாரணை, தண்டனை. அமெரிக்காவில், 1989இல் மயாமியில் தொடங்கிய முறை: சிகிச்சையே கோர்ட் உத்தரவு. நீதிபதி முன் திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டும். நம் சட்டத்தில் கிட்டத்தில் வருவது 39ஆம் பிரிவுதான்: அடிமைப்பட்டவரைச் சிகிச்சைக்காக விடுவிக்கும் பிரிவு.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். யூரின் சாம்பிள் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுங்கள்; எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியக் கூடாது. திங்கள் எடுத்தால் செவ்வாய் கூப்பிட மாட்டார்கள் என்று ஆள் கண்டுபிடித்துவிட்டால் திங்கள் மாலையே அவருக்குத் திருவிழா. சனி, ஞாயிறையும் விடாதீர்கள்.

கோட், பை வெளியே. அதே பாலினத்தவர் நேரில் நின்று பார்க்க வேண்டும். கதவுக்கு வெளியே நிற்பது கணக்கில் வராது. கப்பில் ஒட்டிய வெப்பப் பட்டையை நான்கு நிமிடத்துக்குள் படியுங்கள்: 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்குக் கீழே என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். கிரியேட்டினின் (சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருள்) டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த சாம்பிள். அதில் வரும் நெகட்டிவை நம்பாதீர்கள்.

பியூப்ரெனார்ஃபின் ஃபிலிமை (ஓபியம் வகைப் போதைக்கான சிகிச்சை மருந்து, வாயில் கரையும் மெல்லிய தாள்) விற்றுவிட்டு, ஒரு துண்டை மட்டும் கப்பில் நனைப்பவர்கள் உண்டு. பியூப்ரெனார்ஃபின் மலைபோல இருக்கும்; உடல் அதைச் செரித்தால் வரும் நார்பியூப்ரெனார்ஃபின் இருக்காது. லேபில் இரண்டையும் கேளுங்கள்.

கஞ்சா ஸ்கிரீனில் (முதல்கட்டச் சோதனையில்) போன வாரம் 400, இந்த வாரம் 250. நிறுத்திவிட்டார் என்று கோர்ட்டில் சொல்லலாமா?

கூடாது. ஸ்கிரீனிங் கருவி சொல்வது உண்டா, இல்லையா என்பதை மட்டுமே. அந்த எண் அளவு அல்ல. இரண்டு பாட்டில் தண்ணீர் அதிகம் குடித்தாலே 400 பாதியாகும்.

எங்கள் ஆபீஸில் பல வருஷமாக எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். எல்லோரும் முட்டாள்களா?

முட்டாள்கள் இல்லை, கருவி சொல்லாததை அதன் வாயில் திணிக்கிறீர்கள். எண் குறைந்தது என்று பாராட்டுவீர்கள், ஆள் அன்று தண்ணீர் குடித்திருப்பார். ஏறியது என்று தண்டிப்பீர்கள், அன்று வெயிலில் வேலை பார்த்திருப்பார்.

கிரியேட்டினினால் வகுத்தால் சரியாகுமே?

நல்ல கேள்வி. உறுதிப் பரிசோதனையில், அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் வந்த அளவை வகுக்கலாம். அதையும் நச்சியல் வல்லுநர் படிக்கட்டும். ஸ்கிரீன் எண்ணை வகுத்து எந்தப் பயனும் இல்லை.

சானிடைசரால் ஈ.டி.ஜி. (மது குடித்ததைக் காட்டும் சிறுநீர்ச் சோதனை) பாசிட்டிவ் என்கிறார். நம்பலாமா?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். கட்-ஆஃப் (பாசிட்டிவ் என்று சொல்லும் எல்லை) 100 நானோகிராம் என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு. 500இல் வெகுவாகக் குறையும். ஆல்கஹால் கலந்த பொருள்களைத் தொடுவதில்லை என்று முதல் நாளே கையெழுத்து வாங்குங்கள்.

மவுத்வாஷ்?

மேலே பாருங்கள்.

பாசிட்டிவ் என்றதும் ஜெயிலுக்கு அனுப்பலாமா?

முதலில் முடிவு உறுதியாகட்டும். அடிமைப்பட்டவருக்கு முதல் மாதங்களில் சுத்தமாக இருப்பது தொலைதூர இலக்கு. அதற்குச் சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும். வராமல் இருப்பது, பொய் சொல்வது, கப்பை மாற்றுவது வேறு கணக்கு. அவை இன்றே அவர் கையில் இருப்பவை. சின்னத் தண்டனைகள் பலிக்காதபோதுதான் ஜெயில். அதுவும் மூன்று முதல் ஆறு நாள்; அவர் தரப்பைக் கேட்ட பிறகு.

முடித்துச் செல்லும் முன் மெத்தடோனை (இதுவும் ஓபியம் வகைப் போதைக்கான சிகிச்சை மருந்து) நிறுத்தச் சொல்லலாமா?

அது டாக்டர் வேலை. 2022இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி இது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறுவதாகலாம்.

ஒரு ஆபீசர் எத்தனை பேரைக் கண்காணிக்கலாம்?

முப்பது. ஐம்பதைத் தாண்டினால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் முதலில் அடிபடும்.

அப்போ கஞ்சா ஸ்கிரீனில் 48 வந்தால்?

கட்-ஆஃப் 50. நெகட்டிவ்.