பிள்ளை வளர்ந்துவிட்டது, பரண் நிறைந்துவிட்டது: குழந்தைப் பொருளைப் பழசாக விற்பதும் வாங்குவதும்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இரண்டரை வயது. அவனுக்கு வாங்கிய ஸ்ட்ரோலர் (9,000 ரூபாய்), கார் சீட் (7,500 ரூபாய்), வட்ட வாக்கர், கரண்டில் ஓடும் ப்ரெஸ்ட் பம்ப், ஆறு பால் பாட்டில் எல்லாம் பரண்மேல் கிடக்கின்றன. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். "முக்கால் விலையாவது வரணும்" என்கிறார் கணவர். "பிள்ளைப் பொருளைப் போய் யாராவது விப்பாங்களா, சும்மா குடுத்துடு" என்கிறார் மாமியார். எதற்கு என்ன விலை சொல்வது?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் ஸ்ட்ரோலர். முக்கால் விலை வராது. நீங்கள் 9,000 கொடுத்தது உங்கள் கணக்கு. வாங்க வருகிறவர் உங்கள் வாசலில் நின்றபடியே போனை எடுத்து, அதே மாடல் இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று பார்த்துவிடுவார். பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யையும் மறந்துவிடுங்கள், அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. இன்று புதிது என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அது 6,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிள்ளை உட்கார்ந்த வண்டி, சக்கரம் ஆடவில்லை, துணி வெளுக்கவில்லை என்றால் அதில் பாதி, 3,200. நீங்கள் 3,500 சொல்லுங்கள். 3,000-க்குக் குறையாமல் வந்தால் கொடுத்துவிடுங்கள். துணி வெளுத்து, கைப்பிடி நுரை பிய்ந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். பாதியைவிட ரொம்ப அதிகமாகக் கேட்டால், "இன்னும் கொஞ்சம் போட்டால் வாரண்டியோடு புதுசே வாங்கிடலாமே" என்று வந்தவர் திரும்பிவிடுவார். அப்படித் திரும்பியவர் மறுபடி வருவதில்லை.

எந்த ஊரில் விற்கிறோம் என்பதும் விலையில் சேரும். ஸ்ட்ரோலர் உருள நல்ல தரை வேண்டும். அடுக்குமாடி வீடுகளும், பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களும் ஓசூரில்தான் அதிகம். உங்கள் ஊரிலிருந்து அது சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஊத்தங்கரையிலோ அரூரிலோ ஆள் தேடினால், "இடுப்பில தூக்கிட்டுப் போறதே சுலபம்" என்பார்கள். ஜல்லி பெயர்ந்த தெருவில் அது உண்மையும்கூட. ஓசூரில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் வண்டியை அங்கே வைத்து விற்கச் சொல்லுங்கள்.

விற்பதற்கு முன்னால் ஒரு மதியம் ஒதுக்கிச் சுத்தம் செய்யுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளின் வண்டியில் எங்கே அழுக்கு சேரும் என்று எனக்குத் தெரியும். பெல்ட் பூட்டுக்குள் கேழ்வரகுக் கூழ் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருக்கும். அதனால்தான் பூட்டு "க்ளிக்" என்று சத்தம் கொடுக்காமல் பாதியில் நிற்கும். பூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். காய்ந்ததும் பத்து கிலோ அரிசிப் பையை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, வாசலில் நாலு சுற்றுத் தள்ளிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துச் சரிவில் நிறுத்துங்கள். நகர்ந்தால், வாங்குகிறவரிடம் அதைச் சொல்லியே விலை பேசுங்கள். போட்டோவில் வண்டி விரித்தபடி ஒன்று, மடக்கியபடி ஒன்று, கிழிசலோ கீறலோ இருந்தால் அதுவும் ஒன்று இருக்கட்டும். உங்கள் மகன் அதில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடாதீர்கள். முன்பின் தெரியாதவர்களின் போனுக்கெல்லாம் பிள்ளையின் முகம் போக வேண்டியதில்லை.

கார் சீட் தனிக் கணக்கு. அந்தச் சீட் இருந்தபோது கார் எங்காவது மோதியிருந்தால், வெளியே ஒரு கீறல் இல்லாவிட்டாலும் விற்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரையும் பிளாஸ்டிக் கூடும் ஒரு தடவை அடி தாங்குவதற்காகச் செய்தவை. இரண்டாவது அடிக்கு என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சீட்டைக் கவிழ்த்தால் தயாரித்த தேதி இருக்கும். ஆறிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள் என்று கம்பெனிகளே போடுகின்றன. தேதி அழிந்திருந்தாலும் விற்க வேண்டாம். பட்டையை சோப்பில் ஊறவைத்துத் துவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். விபத்தில்லாத, தேதி தாண்டாத சீட்டுக்கு இன்றைய புது விலையில் நாற்பது சதவீதம் கேட்கலாம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல சீட் கிடந்து வீணாகாது.

வட்ட வாக்கரை விற்காதீர்கள். சும்மாவும் கொடுக்காதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன். கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. அங்கே வீட்டு வாசலில் வைத்துப் பழசை விற்பதும் தப்பு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் பல வருஷமாகத் தடை கேட்டுவருகிறது. நடக்கப் பழக அது உதவுவதில்லை. காலால் ஒரு உந்து உந்தினால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் போய்விடும், நாம் எழுந்து ஓடிப் பிடிப்பதற்குள் பிள்ளை படியில் உருண்டிருக்கும். நம் வீடுகளில் நடைக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டு படியாவது இல்லாத வீடு எது? சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டுவிடுங்கள். மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி வேறு. பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ளுவது அது. அது வீட்டில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ப்ரெஸ்ட் பம்ப்: பல மாடல்களில் பால் ஆவி மோட்டார் வரை போகும், அதைக் கழுவ வழியில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்த என்று பெட்டியில் போட்டிருந்தால் விற்க வேண்டாம். பால் பாட்டிலும் நிப்பிளும் குப்பைக்கு.

மாமியார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சின்னச் சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஸ்ட்ரோலர் வாங்குகிறவர் கையில் சும்மா கொடுங்கள். அவற்றுக்குத் தனித்தனியாக விலை சொன்னால் இருபது ரூபாய்க்கு இருபது போன் வரும்.

கேள்வி: என்னையும் என் தம்பியையும் ஆட்டிய மரத்தொட்டில், என் தலைச்சன் பிள்ளைக்கு அம்மா வீட்டுச் சீராக வந்தது. தேக்கு, கடைசல் கால், பலமுறை பெயின்ட் அடித்தது. ஒருவர் 4,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மாவிடம் கேட்டீர்களா? சீராக வந்ததை விற்பது உங்கள் உரிமைதான். ஆனால் தம்பிக்கு நாளை பிள்ளை பிறக்கும்போது அந்தத் தொட்டில் எங்கே என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டுத் தொட்டிலைத் தேடிவந்து இரவல் கேட்பவர்கள் இன்னும் உண்டு. பங்காளி வீடு, சம்பந்தி வீடு என்று சுற்றி, ஆறு மாதம் கழித்து மஞ்சள் குங்குமம் வைத்துத் திரும்பி வரும். அந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விலை பேசாதீர்கள்.

விற்பதுதான் முடிவு என்றால், 4,000 சொன்னவரை நிறுத்திவைத்துவிட்டு, தெரிந்த ஆசாரி ஒருவரை வரச்சொல்லிக் காட்டுங்கள். தேக்கா என்பதை அவர் அடிப்பாகத்தில் லேசாகச் சீவிப் பார்த்தே சொல்லிவிடுவார். மரத்தின் விலை, கடைசல் கூலி இரண்டையும் சேர்த்து அவர் சொல்லும் தொகைதான் உங்கள் பேச்சின் தொடக்கம். வாங்குகிறவர் பிள்ளைக்காக வாங்குகிறாரா, வரவேற்பறையில் அழகுக்கு வைக்கவா என்றும் கேளுங்கள். அழகுக்கு என்றால் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

பிள்ளைக்கு என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் பிள்ளை தொட்டில் விளிம்பைத்தான் கடிக்கும். பெயின்ட் உரிகிற நிலையில் இருந்தால் அதைச் சொல்லாமல் விற்காதீர்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூசிதான் மோசம். அடுத்து, குச்சிகளின் நடு இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பிள்ளையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தருமபுரியில் ஒரு வீட்டில் மடக்குத் தொட்டில் ஒன்றைப் பழசாக வாங்கினோம். பக்கத் தடுப்பைத் தாங்கும் கொக்கி தேய்ந்திருந்தது. விற்றவருக்கு அது தெரியும், அந்தப் பக்கம் ஒரு துணி சுற்றி மறைத்திருந்தார். எட்டாவது மாதம் அவள் எழுந்து நின்று தடுப்பைப் பிடித்ததும் அது அப்படியே சரிந்தது. கீழே மெத்தை மடித்துப் போட்டிருந்ததால் நெற்றி வீக்கத்தோடு போயிற்று. "கொக்கி சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு, நாங்களே மாற்றியிருப்போம். அதற்குப் பிறகுதான் பழைய பொருள் பற்றி யார் கேட்டாலும் இவ்வளவு நீளமாகப் பேசுகிறேன்.

கேள்வி: கட்டில் தொட்டிலுக்கு 5,000 ரூபாய் விலை போட்டேன். பேரமே பேசாமல் ஒருவர் ஒத்துக்கொண்டார். வெளியூரில் வேலை, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்கிறார். போடலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: போடாதீர்கள். யுபிஐ-யில் நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பரே தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்த் தொட்டிலை ஆட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் நம் ஊரில் இல்லை. ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நேரில் வருகிறவருக்கே விற்பது நல்லது. பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கி ஆப்பிலேயே பார்த்த பிறகு பொருளைத் தூக்கவிடுங்கள், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அல்ல.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் பேரனுக்கு பேட்டரி கார் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். "கம்பெனி பெட்டி பிரிச்சது மட்டும்தான், ஓடாத வண்டி" என்றார்கள். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, ஒயரில் பழைய டேப். "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி இல்ல" என்கிறார்கள். பில்லும் தரவில்லை.
— வாசகர், அரூர்

பதில்: கேரண்டி இல்லை என்பது வேறு, பொய் சொல்லி விற்பது வேறு. பழசையோ பழுது பார்த்ததையோ புதிது என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. கடைக்குப் போய்ச் சண்டை போடாமல், வாங்கிய தேதி, சொன்ன வார்த்தை, பேட்டரியின் படம் எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதே உங்களுக்கு பில். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள். பேரன் கைக்கு எட்டாமல் வெளியே வையுங்கள்.

இதையே ஒரு தனி வீட்டில் வாங்கியிருந்தால் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். வீட்டில் வாங்குவதை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: டூவீலரில் என் மூன்று வயது மகளைக் கட்டிக்கொள்ளும் பெல்ட்டும் சின்ன ஹெல்மெட்டும் சேர்த்து 400 ரூபாய்க்குப் பழசாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வண்டியில் ஏற்றினால் இந்தப் பெல்ட்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது. 30 கிலோ வரை தாங்கும் பெல்ட்டாக இருக்க வேண்டும். தையலில் ஒரு நூலும் பிரியாமல், பூட்டு இறுக்கமாக இருந்தால் பெல்ட்டை வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட் வேண்டாம். கார் சீட்டுக்குச் சொன்ன காரணம்தான். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்டதா என்று வெளியே தெரியாது. மகளையே கடைக்குக் கூட்டிப்போய்த் தலையில் வைத்துப் பாருங்கள். பட்டையை மாட்டி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா பாருங்கள். தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அதைவிடச் சின்ன அளவைக் கேளுங்கள்.