வாசகர் கேள்வி பதில்: பிளேஸ்டேஷன் 5-இன் கடைசிக் கேம்களும் பிளேஸ்டேஷன் 6-இன் வரவும்

கேள்வி: பல மாதங்களாகப் பணம் சேர்த்து, இப்போதுதான் பிளேஸ்டேஷன் 5 வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். அதற்குள் நண்பர்கள் எல்லோரும், “பிளேஸ்டேஷன் 6 வரப்போகிறது, அவசரப்படாதே” என்கிறார்கள். காத்திருப்பதா, வாங்கிவிடுவதா?

பதில்: வாங்கிவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே தயக்கம் உங்களைப் போன்ற பலருக்கும் இருக்கிறது.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். சோனியின் வீட்டு கேம் கருவியான (கன்சோல்) பிளேஸ்டேஷனில் முதலாவது 1994 டிசம்பரிலும் இரண்டாவது 2000 மார்ச்சிலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அதற்குப் பிறகு 2006, 2013, 2020 என்று அடுத்த மூன்றுமே நவம்பர் மாதத்தில் வெளியாயின. கடைசி இரண்டு இடைவெளிகளும் ஏழேழு ஆண்டுகள் என்பதால், அதே கணக்கை நீட்டினால் 2027 நவம்பரில் வந்து நிற்கும். என் கணிப்பு அதற்கும் ஓராண்டு தள்ளி, 2028. பிளேஸ்டேஷன் 5 வெளியான முதல் இரண்டு ஆண்டுகள் சிப் தட்டுப்பாட்டிலேயே கழிந்தன. கையில் பணம் வைத்திருந்தவர்களுக்குக்கூடக் கருவி கிடைக்கவில்லை. இந்தத் தலைமுறை உண்மையில் தொடங்கவே தாமதமானது என்பதால், அது முடிவதும் தாமதமாகும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. போட்டியாளரின் திட்டமும் அதே திசையைக் காட்டுகிறது: 2023-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றின்போது வெளியே கசிந்த மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கு 2028 என்றே குறித்திருந்தார்கள். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் அவற்றின் விலை 2025-இன் இறுதியிலிருந்து ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு புதிய கன்சோலை நியாயமான விலைக்குக் கொண்டுவருவது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல.

காத்திருந்தால் இப்போதைய கருவியின் விலையாவது குறையும் என்ற பழைய நம்பிக்கையும் இன்று செல்லுபடியாகவில்லை. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலரில் அறிமுகமாகி 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-க்கு அதே நாட்டில் 2025 ஆகஸ்டில் விலையை ஏற்றினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு கன்சோலின் சிறந்த கேம்கள் அதன் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வருகின்றன. நீங்கள் அந்த ஆண்டுகளின் வாசலில் நிற்கிறீர்கள்.

கேள்வி: ‘கடைசி ஆண்டுகளில்தான் சிறந்த கேம்கள் வரும்’ என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அதற்குச் சான்று உண்டா? புதிய கருவி வந்துவிட்டால் பழையதை எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் அல்லவா?

பதில்: நிறையவே உண்டு. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிறகுதான், 2000 ஜூலையில் ஃபைனல் ஃபேன்டசி 9-உம் ஆகஸ்டில் டிராகன் குவெஸ்ட் 7-உம் முதல் பிளேஸ்டேஷனுக்கு வெளியாயின. காட் ஆஃப் வார் 2 இன்னும் துணிச்சலான எடுத்துக்காட்டு. பிளேஸ்டேஷன் 3 கடைக்கு வந்து சில மாதங்கள் கழித்து, 2007 மார்ச்சில், அதைப் பழைய பிளேஸ்டேஷன் 2-க்கே வெளியிட்டார்கள். வெறும் 32 மெகாபைட் மெமரி கொண்ட கருவி அது. தொடக்கத்திலேயே ரோட்ஸ் நகரத்தின் மேல் எழுந்து நிற்கும் மாபெரும் சிலை உயிர்பெற்று கதாநாயகனைத் துரத்துவதும், நகரின் ஒவ்வொரு பகுதியாகக் கடந்து ஓடும்போதும் அந்தச் சிலை சன்னல்களுக்கு வெளியே பின்தொடர்ந்து வருவதும், கருவியின் மூலைமுடுக்கெல்லாம் ஏழாண்டுப் பழக்கத்தில் அறிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. முதல் ஆண்டில் யாராலும் அதைச் செய்திருக்க முடியாது.

பிளேஸ்டேஷன் 3-இலும் இதே கதைதான். அதன் செல் என்ற சிப்பைப் பழகுவதற்கே கேம் உருவாக்குநர்கள் திணறினார்கள். ஆனால் 2013 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் வந்தபோது, அடுத்த தலைமுறைக்கு ஐந்தே மாதங்கள் இருந்த நிலையில், இந்தக் கருவியால் இவ்வளவு முடியுமா என்ற வியப்பு பரவலாக எழுந்தது. செப்டம்பரில் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வந்தது. பிளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வந்த பிறகும் கிரான் டுரிஸ்மோ 6 பழைய கருவிக்கு மட்டுமே வெளியானது.

‘கடைசி கேம்’ என்பதை மட்டும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கன்சோலுக்கு உண்மையிலேயே இறுதியாக வருவது பெரும்பாலும் ஆண்டுதோறும் வரும் ஏதாவது ஒரு விளையாட்டுக் கேமாகவே இருக்கும். பிளேஸ்டேஷன் 2-க்கு அப்படி 2013 நவம்பரில் வந்தது புரோ எவல்யூஷன் சாக்கர் 2014. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு 2008-இல் மேடன் என்எஃப்எல் 09. இவை கணக்கை முடித்துவைப்பவை, அவ்வளவே. விடைபெறும் கேம் என்று நான் மதிப்பது, ஒரு கருவியை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் அதற்காகவே செய்துகொடுக்கும் படைப்பைத்தான்.

கேள்வி: அப்படியானால் பிளேஸ்டேஷன் 5-இன் விடைபெறும் கேம் எதுவாக இருக்கும்? ஜிடிஏ 6 என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

பதில்: விற்பனையைப் பொறுத்தவரை உங்கள் பந்தயத்தில் தவறில்லை. முதலில் 2025 இலையுதிர்காலம் என்று சொல்லி, பிறகு 2026 மே 26 என்று மாற்றி, அதன்பின் அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. ஆனால் ஜிடிஏ 6 ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும் கேம் அல்ல. அதற்கு முந்தையது 2013-இல் பிளேஸ்டேஷன் 3-இலும், 2014-இல் நான்கிலும், 2022-இல் ஐந்திலும் மீண்டும் மீண்டும் வெளியாகி மூன்று தலைமுறைகளைக் கடந்தது. ஆறாம் ஜிடிஏவும் பிளேஸ்டேஷன் 6 வந்த ஓராண்டுக்குள் மெருகேற்றிய பதிப்பாக அதில் ஏறிவிடும் என்பது நான் மிகுந்த உறுதியோடு சொல்லக்கூடிய கணிப்பு. எனவே அதை விடைபெறும் கேம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் எதிர்பார்ப்பு நாட்டி டாக் நிறுவனத்தின் மேல் இருக்கிறது. 2013 ஜூனில் அவர்களுடைய தி லாஸ்ட் ஆஃப் அஸ், அடுத்த நவம்பரில் புதிய கன்சோல். 2020 ஜூனில் அதன் இரண்டாம் பாகம், அடுத்த நவம்பரில் மீண்டும் புதிய கன்சோல். 2024 டிசம்பரில் அவர்கள் அறிவித்த இன்டர்கேலக்டிக்: தி ஹெரெடிக் பிராஃபெட் அதே இடத்தில் மூன்றாம் முறையாக வந்து அமரக்கூடும். இன்சோம்னியாக் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தின் வுல்வரின், அறிவித்தபடி 2026-இல் வந்தால், அடுத்த கருவிக்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். அவர்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு கேம் செய்ய நேரம் இருக்கிறது, ஆனால் அது இரு கருவிகளுக்கும் பொதுவானதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புதிய கன்சோல் வந்த பிறகும் ஒரே கேமைப் பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து வெளியிடுகிறார்களே, இது புதிய கருவியை வாங்கியவர்களுக்கு இழப்பு இல்லையா?

பதில்: இழப்புதான். அது எங்கே தெரியும் என்று சொல்கிறேன். சென்ற தலைமுறையின் சாகசக் கேம்களில், கதாநாயகன் இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகலான பிளவில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்ல மெல்ல நகர்ந்து போகும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். கேமரா அவன் தோளருகே ஒட்டிக்கொள்ளும், ஸ்டிக்கை முன்னே தள்ளுவதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருக்காது. அந்தச் சில நொடிகளில் ஹார்ட் டிஸ்க் அடுத்த இடத்தின் காட்சிகளை மெமரிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக உள்ள எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் நொடிக்கு 5.5 ஜிகாபைட் வரை படிக்கக்கூடியது. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க்கோ நொடிக்கு நூறு மெகாபைட்டைத் தொடுவதே அரிது. ஆகவே புதிய கருவிக்கு அந்தப் பாறைப் பிளவு தேவையே இல்லை. ஆனாலும் 2022 நவம்பரில் இரு கருவிகளுக்குமாக வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் கேமில் அத்தகைய இடங்கள் இருந்தன, ஏனென்றால் கேமின் நில அமைப்பே பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஏற்ப வரையப்பட்டது. பிளேஸ்டேஷன் 5-க்காக மட்டும் உருவாகி 2021-இல் வந்த ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட், ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவிக் காட்டியது. ஆனால் அந்த வழியில் அதைத் தொடர்ந்து வந்தவை மிகச் சில. இந்தக் கருவியின் பெரிய வாக்குறுதி ஒன்று அரைகுறையாகவே நிறைவேறியிருக்கிறது என்பது என் உண்மையான வருத்தம்.

ஆனால் நிறுவனங்களின் நிலையும் புரிந்துகொள்ளக்கூடியதே. 2024-இல்கூட பிளேஸ்டேஷன் பயனர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்காம் கருவியிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு ஒரு பெரிய கேமின் செலவை மீட்பது கடினம். நின்டெண்டோவும் இதே வழியில்தான் போகிறது: ஸ்விட்ச் 2 கருவி 2025 ஜூனில் வந்த பிறகும், அக்டோபரில் போகிமான் லெஜெண்ட்ஸ்: இசட்-ஏ, டிசம்பரில் மெட்ராய்டு பிரைம் 4 இரண்டுமே பழைய ஸ்விட்சுக்கும் வந்தன. பிளேஸ்டேஷன் 6-இன் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளும் இப்படியேதான் கழியும் என்று எதிர்பாருங்கள். முதல் கேள்வியைக் கேட்ட வாசகரை நான் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 6-இல் கிராஃபிக்ஸ் எவ்வளவு முன்னேறியிருக்கும்? என்னிடம் இப்போது பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இருக்கிறது.

பதில்: மெமரியை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். இரண்டாம் பிளேஸ்டேஷனில் முதன்மை மெமரி 32 மெகாபைட். மூன்றாவதில் மொத்தம் 512 மெகாபைட். நான்காவதில் 8 ஜிகாபைட். ஒவ்வொரு முறையும் பதினாறு மடங்கு. ஐந்தாவதில் 16 ஜிகாபைட், அதாவது இரண்டே மடங்கு. முன்பிருந்த பாய்ச்சல் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. சிப்புகள் சிறுத்துக்கொண்டே விலையும் குறைந்துகொண்டே வந்த காலம் முடிந்துபோனதால், அடுத்த கருவியும் முரட்டு வலிமையை நம்பி வர முடியாது.

அதனால்தான் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, சிப் வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து ‘அமெதிஸ்ட்’ என்ற திட்டத்தை நடத்துகிறார். 2025 அக்டோபரில் அவரும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் அதைப் பற்றி விளக்கினார்கள். குறைந்த தெளிவில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்குவதற்கான புதிய அமைப்பு ஒன்று, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடுவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று, சிப்புக்குள் போய்வரும் தரவு முழுவதையும் சுருக்கி அனுப்பும் முறை ஒன்று ஆகியவை அதில் அடங்கும். சில ஆண்டுகளில் வரவிருக்கும் ஒரு கன்சோலில் இவற்றைக் கொண்டுவர விரும்புவதாகச் செர்னியே சொன்னார். நிழல், கண்ணாடி, நீர்ப்பரப்பு ஆகியவற்றில் ஒளி விழும் விதம்தான் கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றமாக இருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கிறேன். பிளேஸ்டேஷன் 5-இன் வலுக்கூட்டிய பதிப்பான உங்கள் ப்ரோவில் உள்ள பிஎஸ்எஸ்ஆர் என்ற கூர்மையாக்கும் வசதி இந்தப் பாதையின் முதல் படி. ஆகவே புதிய கருவியின் முதல் ஆண்டில் உங்களுக்குத் தெரியும் வேறுபாடு, சாதாரண பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவருக்குத் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும். நீங்கள் பொறுத்திருக்கலாம்.

கேள்வி: அலமாரி நிறைய டிஸ்க்குகள் வைத்திருக்கிறேன். அவை புதிய கன்சோலில் ஓடுமா?

பதில்: ஓடும் என்றே நம்புகிறேன். செல் சிப்பின் விசித்திர அமைப்பால்தான் மூன்றாம் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகள் நான்காவதில் ஓடாமல் போயின. நான்கு, ஐந்து இரண்டும் ஏஎம்டியின் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பதால் பழைய கேம்கள் மிகப் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடுகின்றன. ஆறாவதும் அதே மரபில் வருவதால் அந்தத் தொடர்ச்சி அறுபடக் காரணமில்லை. டிஸ்க் டிரைவ் மட்டும் கருவியோடு சேர்ந்து வராது, ப்ரோவில் இருப்பதைப் போலத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் பாகமாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

நான் உண்மையில் அஞ்சுவது டிஸ்க் இல்லாத கேம்களுக்கும் இணையத்தை நம்பி வாழும் கேம்களுக்கும்தான். நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் இணைய ஸ்டோர்களில் 2023 மார்ச் மாதத்தோடு விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலையில் மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 3 ஸ்டோரையும் 2021-இல் மூடப்போவதாகச் சோனி அறிவித்தது. ரசிகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகுதான் அடுத்த மாதமே அந்த முடிவைக் கைவிட்டது. இணையத் தொடர்பு இன்றி முழுமையாக விளையாட முடியாத கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வர்களை 2024 ஜனவரியில் நிறுத்தியபோது, அதற்கு முன் ஓர் அப்டேட் தந்து தனியாகவும் ஆடும்படி செய்தார்கள். எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை.

பிளேஸ்டேஷன் 5-க்கு அந்த நாள் வெகு தொலைவில் இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் உள்ள டிஸ்க்குகளில் பலவற்றில் இருப்பது வெளியீட்டு நாளின் முதற்பதிப்பு மட்டுமே. பிழைகளைத் திருத்தியது அதற்குப் பிறகு சர்வரிலிருந்து வந்த அப்டேட்தான். எனவே நீங்கள் மிகவும் போற்றும் கேம்களை மட்டுமாவது முழு அப்டேட்டோடு வெளி எஸ்எஸ்டி ஒன்றில் சேமித்து வையுங்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்களை அதிலிருந்து நேரடியாக ஆட முடியாது. கருவிக்கு மாற்றித்தான் ஆட வேண்டும். மாற்றுவதற்கு இணையம் தேவைப்படாது.