என்8என் ஓஆத் தகராறுகள்: கேள்வி பதில்

சொந்த சர்வரில் என்8என் (வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் மென்பொருள்) வைத்து கூகுள் கணக்கை ஓஆத் வழியாக, அதாவது பாஸ்வேர்டு கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுத்து இணைக்கும்போது, அனுமதி கொடுத்த பிறகு திரும்பி வரும் (ரீடைரக்ட்) வழியில் சிக்கியவர்கள் கேட்டவை. கேள்விக்கு முன்னால் இருப்பது அவர்கள் ஊர்.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, தேங்காய் மண்டிக்கு வர்ற ஆர்டர் மெயிலை ஷீட்ல ஏத்தணும். டொமைன், எஸ்எஸ்எல் எல்லாம் சரியா இருக்கு. ஆனா 'பிழை 400: ரீடைரக்ட்_யூஆர்ஐ_மிஸ்மேட்ச்'னு நிக்குது.

டொமைன் இருக்கிறது உங்களுக்குத் தெரியும், என்8என்னுக்குத் தெரியாது. என்8என்னில் கூகுள் இணைப்பு விவரம் வைக்கிற கிரெடென்ஷியல் பக்கத்தில் இருக்கிற ஓஆத் ரீடைரக்ட் யூஆர்எல்லைப் பாருங்க. 'லோக்கல்ஹோஸ்ட்:5678'னு (லோக்கல்ஹோஸ்ட்னா 'இதே கம்ப்யூட்டர்') தொடங்கினா கோளாறு அங்கேதான். எச்டிடிபிஎஸ்ஸை முன்னால் நிற்கிற என்ஜின்எக்ஸ் (வெளியிலிருந்து வர்றதை வாங்கி உள்ளே அனுப்புற சர்வர்) பார்த்துக்குது. பின்னால் என்8என் ஓடுற டாக்கர் கன்டெய்னர் தன் 5678 போர்ட்டைத்தான் முகவரின்னு சொல்லும்.

கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னரை எப்படி ஓட்டணும்னு சொல்ற கோப்பு) 'வெப்ஹுக்_யூஆர்எல்' மாறிக்கு எச்டிடிபிஎஸ்ஸோட முழு முகவரி கொடுங்க. 'என்8என்_எடிட்டர்_பேஸ்_யூஆர்எல்' முன்னமே போட்டிருந்தா ரீடைரக்டுக்கு அதைத்தான் எடுத்துக்கும், அதையும் திருத்துங்க. பிறகு 'டாக்கர் கம்போஸ் அப் -டி'. வெறும் ரீஸ்டார்ட் போட்டா புது மாறி உள்ளே போகாது. பாதிப்பேர் இங்கேதான் மண்டையை உடைச்சுக்கிறாங்க.

இப்போ காட்டுற முகவரியைக் காப்பி பண்ணி கூகுள் கிளவுட் கன்சோலில் 'ஆத்தரைஸ்டு ரீடைரக்ட் யூஆர்ஐ' கட்டத்தில் ஒட்டுங்க. பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் ஆரிஜின் கட்டம் இருக்கும், அது இல்லை. கடைசியில் '/ரெஸ்ட்/ஓஆத்2-கிரெடென்ஷியல்/கால்பேக்'னு முடியணும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்; ஒரு சாய்கோடு கூடினாலும் அதே 400தான். சேமிச்ச உடனே வேலை செய்யலேன்னா அஞ்சு நிமிஷமாவது பொறுங்க.

நகரி: சார், விசைத்தறி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல 192.168.1.20-ல ஓடுது. அந்த முகவரியை கூகுள் வாங்கவே மாட்டேங்குது. போர்ட் ஃபார்வர்டிங் போடணுமா?

வேண்டாம். வெறும் ஐபியை கூகுள் ஏற்காது, '.லோக்கல்' பெயரையும் ஏற்காது. எஸ்எஸ்எல் இல்லாத எச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான். ஆனா கூகுள் உங்க ஆபீஸுக்குள்ள வர்றதே இல்லை. அனுமதிக் குறியீட்டைச் சுமந்துக்கிட்டு வர்றது உங்க பிரவுசர். அதனால அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட்:5678-ஐத் திறந்து, அங்கே காட்டுற ரீடைரக்ட் முகவரியை கன்சோலில் பதிஞ்சு, கனெக்ட் அழுத்துங்க. வேற மிஷினிலிருந்துதான் முடியும்னா 'எஸ்எஸ்எச் -எல் 5678:லோக்கல்ஹோஸ்ட்:5678' டனல் (அந்தக் கம்ப்யூட்டரின் போர்ட்டை உங்க மிஷினுக்குக் கொண்டு வர்ற பாதை) போட்டாலும் அதே பலன். டோக்கன் (கூகுள் தர்ற அனுமதிச் சீட்டு) டேட்டாபேஸில் ஏறிட்டா அப்புறம் ஃப்ளோ தானா ஓடும்.

குப்பம்: கூகுள்ல 'அலோ' குடுத்தாச்சு. திரும்பி வந்ததும் 'அன்ஆத்தரைஸ்டு'ங்குது.

எடிட்டரை ஐபியில் திறந்திருப்பீங்க, கால்பேக் டொமைனுக்குப் போயிருக்கும். லாகின் குக்கி (நீங்க லாகின் பண்ணினதுக்கு பிரவுசர் வெச்சிருக்கிற அடையாளம்) ஐபிக்கு உரியது. டொமைனில் நீங்க யாரோ. எடிட்டரையும் டொமைனிலேயே திறந்து லாகின் பண்ணிட்டு இணைங்க. கால்பேக்குக்கு லாகின் சோதனையே வேண்டாம்னு சொல்ற மாறி ஒண்ணு இருக்கு. காரணம் தெரியாம அதைப் போடுறது பூட்டைக் கழற்றி வைக்கிற வேலை.

மூணாறு: அண்ணே, ஹோம்ஸ்டே புக்கிங் மெயில் ஒரு வாரம் ஓடுது, அப்புறம் அறுந்துடுது.

ரீடைரக்ட் பிரச்சினை இல்லை இது. கூகுள் கன்சோலில் கன்சென்ட் ஸ்கிரீன் (அனுமதி கேட்கிற திரை) 'டெஸ்டிங்'கில் இருந்தா, அனுமதியைப் புதுப்பிக்கிற ரிஃப்ரெஷ் டோக்கனுக்கு ஆயுள் 7 நாள். 'பப்ளிஷ் ஆப்' அழுத்தி புரொடக்‌ஷனுக்கு மாத்துங்க. பழைய டோக்கன் மாறாது, ஒருதடவை மறுபடி இணைக்கணும். 'சரிபார்க்கப்படாத ஆப்'னு எச்சரிக்கை வரும். உங்க சொந்த ஆப்தானே, அட்வான்ஸ்டு வழியா தாண்டிப் போங்க.

சித்தூர், ஆந்திரா: 403 ஆக்சஸ் டினைடு?

ஆப் 'டெஸ்டிங்'கில் இருந்தா, கூகுள் கன்சோலில் டெஸ்ட் யூசர் பட்டியலில் இணைக்கிற மெயிலைச் சேருங்க.

கொழிஞ்சாம்பாறை: இன்னொண்ணு அண்ணா. நாளைக்கு டொமைன் மாத்தினா பழைய இணைப்பெல்லாம் போயிடுமா?

போகாது. ஓடுற இணைப்பு ரிஃப்ரெஷ் டோக்கனில் ஓடுது, ரீடைரக்ட் அதுக்குத் தேவையில்லை. புது இணைப்புக்குத்தான் தேவை; ஒரே கிளையன்ட்டில் பழைய முகவரியோட புதுசையும் சேர்த்து வெச்சுக்கலாம். சர்வரையே மாத்துறீங்கன்னா மட்டும் 'என்8என்_என்கிரிப்ஷன்_கீ'யைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம டேட்டாபேஸை மட்டும் நகர்த்தினா ஒரு கிரெடென்ஷியலும் திறக்காது.