சின்ன பாக்கெட்டுக்குத் திணறும் ரவுட்டர்

கேள்வி: எங்கள் ரவுட்டரின் 100 கிகாபிட் போர்ட்டில் 1518 பைட் ஃபிரேம்கள் (கம்பியில் போகும் வடிவிலான பாக்கெட்டுகள்) ஒன்றுகூடத் தொலையாமல் போகின்றன. 64 பைட் ஃபிரேம்கள் அனுப்பினால் ஏராளமாகத் தொலைகின்றன. சிபியு பயன்பாடோ 10 சதவீதம்தான். கோளாறு எங்கே?

பதில்: சிபியுவைப் பார்த்துப் பயனில்லை, கடந்து போகும் பாக்கெட் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கடத்துவது லைன் கார்டில், அதாவது போர்ட்டுகள் உள்ள பலகையில், இருக்கும் சிப். அதற்குச் சுமை பிட் அல்ல, பாக்கெட் எண்ணிக்கை.

கணக்கு போடுங்கள். 64 பைட்டுடன் ஃபிரேமுக்கு முன்னால் போகும் பிரியாம்பிள் 8, அடுத்த ஃபிரேம் வரை விடும் இடைவெளி 12 சேர்ந்தால் 84 பைட், அதாவது 672 பிட். 100 கிகாபிட்டில் நொடிக்கு சுமார் 14.88 கோடி பாக்கெட்; ஒன்றுக்கு 6.72 நானோநொடிதான் அவகாசம். 1518 பைட்டில் வெறும் 81 லட்சம். பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சாதாரண டிராம் நினைவகத்தில் ஒருமுறை தேடவே பல பத்து நானோநொடி பிடிக்கும். அதனால்தான் எல்லாப் பதிவுகளையும் ஒரே வீச்சில் ஒப்பிடும் டிகேம் என்ற தனி வகை நினைவகத்தை வைக்கிறார்கள். மின்சாரத்தை விழுங்கும், ஆனால் வேகம்.

முதலில் ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், தடுக்கும் விதிகள்), டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது), மிரரிங் (நகல் எடுத்து அனுப்புவது) எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். சில அம்சங்களுக்காகப் பாக்கெட் சிப்புக்குள் இரண்டாவது சுற்று வரும், வேகம் பாதியாகிவிடும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, தொலைந்த பாக்கெட்டுகளை எண்ணும் லைன் கார்டின் டிராப் கவுன்ட்டரைக் கவனியுங்கள்.

65 பைட் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். பாக்கெட்டை உள்ளே 64 பைட் செல்களாக (சம அளவுத் துண்டுகளாக) நறுக்கும் ஃபேப்ரிக்கில், அதாவது லைன் கார்டுகளை இணைக்கும் உள்வழியில், அந்த ஒரு பைட்டுக்காக இன்னொரு முழு செல் போகும். தரவுத்தாளில் பெரும்பாலும் இது இருக்காது!