லேசான ஷூவில் ஓடலாமா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இப்போது போடும் ஷூ ஒன்று 310 கிராம். 210 கிராம் ஷூவுக்கு மாறினால் வேகம் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் ஏறினால், அதே வேகத்தில் ஓட உடலுக்குச் சுமார் 1 சதவீதம் அதிக ஆக்சிஜன் தேவைப்படும். ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓடுபவருக்கு அரை நிமிடம் போல மிச்சமாகலாம். அந்த 100 கிராமை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடியில் ரப்பரைக் குறைத்திருந்தால் சீக்கிரம் தேயும். குதிகாலைப் பிடிக்கும் கெட்டியான பகுதியை எடுத்திருந்தால் சிலருக்குக் கால் உள்ளே ஆடும். மெத்தை போன்ற ஃபோமைக் குறைத்திருந்தால் அந்த வேலை உங்கள் கெண்டைக்கால் தலையில் விழும்.

கேள்வி: அண்ணா, லேசான ஷூவுக்கு மாறிப் பத்து நாள் ஆகிறது. கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது. காலையில் முதல் அடி வைத்தால் குதிகாலுக்குப் பின்னால் சுரீர் என்கிறது. ஓடிப் பழகினால் சரியாகிவிடுமா?

பதில்: இறுக்கம் பழகப் பழகப் போய்விடும். அந்தச் சுரீரை மட்டும் ஓடிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள் தம்பி. வழக்கமான ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 10 மி.மீ. போல உயரமாக இருக்கும். லேசான ஷூக்கள் பலவற்றில் அது 4 மி.மீ., சிலவற்றில் சுழியம். குதிகால் இறங்கியதும் அதன் பின்னால் உள்ள தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இழுபடுகிறது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும்.

காலை வலி போகும்வரை பழைய ஷூவுக்கே திரும்புங்கள், ஓட்டத்தையும் குறையுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நாள், அதுவும் மெதுவான ஓட்டத்தில் 2 கி.மீ. மட்டும் புது ஷூ. கூடவே படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் தாமதமே கூடாது.

கேள்வி: எடைதான் பிரச்சினை என்றால் வெறுங்காலே நல்லதில்லையா? ஒலிம்பிக்கிலேயே ஜெயித்திருக்கிறார்களே?

பதில்: எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவைச் சொல்கிறீர்கள். 1960 ரோம் மராத்தானை வெறுங்காலில் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு வென்றார், அதுவும் மூன்று நிமிடம் குறைவான நேரத்தில். ஷூவால்தான் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் வெறுங்கால்தான் ரகசியம் என்பதும் நிற்காது. மெத்தை இல்லாதபோது அதிர்ச்சியைத் தாங்கத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. எடையில் மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிவிடுகிறது.

கேள்வி: அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவைத் தினமும் போடலாமா? அதுவும் லேசாகத்தானே இருக்கிறது?

பதில்: வேண்டாம். போட்டிக்கும், அதற்கு முன் சில வேகப் பயிற்சிகளுக்கும் போதும்.

கேள்வி: லேசான ஷூ எத்தனை கி.மீ. தாங்கும்?

பதில்: சாதாரணப் பயிற்சி ஷூவுக்கு 500 முதல் 800 கி.மீ. என்பது பொதுக்கணக்கு. லேசானது பெரும்பாலும் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும்; உடல் எடை கூடியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கி.மீ. கணக்கைவிட ஷூவையே பாருங்கள். மேசைமேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கவனியுங்கள்: குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஃபோமின் பக்கவாட்டில் அழுத்தியும் போகாத சுருக்கங்கள் விழுந்திருக்கின்றனவா? ரப்பர் தேய்ந்து ஃபோம் வெளியே தெரிகிறதா? இவற்றோடு, வழக்கமான தூரத்திலேயே முழங்காலோ கெண்டைக்காலோ புதிதாக வலித்தால் மாற்றிவிடுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். நீண்ட ஓட்டத்துக்குக் கனமானது, வேக நாளுக்கு லேசானது.